அமெரிக்க நர்சிங் ஹோமில் ஆம்புட்ஸ்மன் தன்னார்வலர் ஆவது எப்படி?

நர்சிங் ஹோமிலும் (அங்கே அது மருத்துவமனை அல்ல, நீண்டகாலப் பராமரிப்பு இல்லம்) அசிஸ்டெட் லிவிங்கிலும் (அன்றாட வேலைகளுக்கு உதவி கிடைக்கும் குடியிருப்பு) இருப்பவர்களின் குறைகளை அவர்கள் பக்கம் நின்று பேசித் தீர்ப்பவர்தான் ஆம்புட்ஸ்மன். 1972-ல் சோதனை முயற்சியாகத் தொடங்கிய திட்டம், 1978-ல் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமானது. சம்பள ஊழியர்களோடு தன்னார்வலர்களும் சேர்ந்துதான் ஓட்டுகிறார்கள்.

முதலில், உங்கள் மாநிலத்தின் பெயரோடு 'லாங் டெர்ம் கேர் ஆம்புட்ஸ்மன்' என்று தேடி விண்ணப்பியுங்கள். ஏதாவது ஓர் இல்லத்தில் உங்களுக்கு வேலையோ முதலீடோ இருந்தாலும் சரி, சொந்த அம்மாவே அங்கே இருந்தாலும் சரி, மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பயிற்சி. மத்திய அரசின் அளவுகோல்படி குறைந்தது 36 மணி நேரம், பிறகு ஆண்டுக்கு 18. நர்சிங் ஹோம்வாசிகளுக்கு 1987-ம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமைகளை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். ஒருவரை வெளியேற்றப் பொதுவாக 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது பல குடும்பங்களுக்கே தெரியாது.

பயிற்சி முடிந்ததும் இல்லத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமலே பார்வையிடப் போகலாம். ஆனால் அறைக்கதவைத் தட்டி, உத்தரவு கேட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நின்றுகொண்டே பேசினால் டாக்டர் ரவுண்ட்ஸ் மாதிரி ஆகிவிடும். தண்ணீர் கேட்டால்கூட நீங்களே கொடுக்காதீர்கள். விழுங்குவதில் சிரமம் உள்ளவராக இருக்கலாம், நர்ஸைக் கூப்பிடுங்கள்.

"ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றுதான் பதில் வரும். "நேத்து ராத்திரி பெல் அடிச்சப்ப எவ்வளவு நேரத்துல வந்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பாட்டியிடம் இப்படிக் கேட்டேன். சிரித்தபடி கட்டிலுக்குப் பின்னால் கைகாட்டினார். பெல் கயிறு சுவரோரம் விழுந்து கிடந்தது.

எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, நேரே நிர்வாகத்திடம் போகக் கிளம்பினேன். "வேண்டாம், அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு" என்று தடுத்தார். எனக்கோ கோபம். ஆனால் இந்த வேலையில் முதலாளி அவர்தான். அவர் சம்மதம் இல்லாமல் அவர் மகனிடம்கூட வாய் திறக்கக் கூடாது. (மிரட்டி அபராதம் போடவும் நமக்கு அதிகாரம் கிடையாது, ஆய்வு நடத்தும் துறை வேறு.) "பேர் சொல்லாம, மாடி முழுக்கப் பார்க்கச் சொல்லட்டுமா?" என்றதும் தலையாட்டினார்.

அடுத்த வாரம் எல்லாக் கட்டிலிலும் கயிறு போர்வையோடு கிளிப் போட்டிருந்தது. பாட்டிக்கு அன்று ஆறிப்போன காப்பி மேல் புகார். அதைத் தன் பெயர் போட்டே சொல்லச் சொன்னார்.