மலை வீட்டுக்குக் கேன்வாஸ் பிரிண்ட் வாங்கும்போது

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கேன்வாஸுக்கு முதல் எதிரி ஈரம். மழைக்காலத்தில் சாரல் அடிக்கும் பக்கத்துச் சுவரை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று பிசுபிசுத்தால் அங்கே மாட்ட வேண்டாம், உள்சுவர்தான் சரி. கணப்படுப்புக்கு மேலேயும் வேண்டாம். சூடும் புகையும் சேர்ந்து வண்ணத்தை மங்கச் செய்துவிடும்.

உருவங்கள் இல்லாத அரூப ஓவியத்தில் வண்ணம்தான் எல்லாமே. அதனால் பிக்மென்ட் (நிறமித் துகள்) மையில் அச்சிட்டதா என்று கேளுங்கள், டை (சாய) மை சீக்கிரம் வெளுக்கும். கேன்வாஸ் மடங்கும் ஓரத்தில் செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். மெல்லிய வெள்ளைக் கீறல் தெரிந்தால் மை வெடித்திருக்கிறது, வாங்காதீர்கள்.

குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் அச்சிடும் பதிப்பில் ஒவ்வொரு பிரதிக்கும் எண் இருக்கும்; 12/50 என்றால் மொத்தம் 50 பிரதிகளில் இது 12ஆவது. பிரதியிலும் சான்றிதழிலும் ஒரே எண், ஓவியரின் கையெழுத்து இருக்க வேண்டும். இதே படம் வேறு அளவில் தனிப் பதிப்பாக வந்திருக்கிறதா என்பதையும் எழுதி வாங்குங்கள். பலர் கேட்காமல் விடுவது இதைத்தான்.

180 செ.மீ. சோபாவுக்கு மேல் 120 செ.மீ. அகலம் பொருந்தும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். படத்தின் ஒரு பக்கம் ஒரு மீட்டரைத் தாண்டினால் பின்சட்டத்தில் குறுக்குக் கட்டை அவசியம், இல்லையேல் சட்டம் முறுக்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் துணி தொய்ந்தால் சட்டத்தின் மூலைகளில் செருகியிருக்கும் சிறு ஆப்புகளை மெதுவாகத் தட்டி இறுக்கலாம்; ஆப்பு வைத்த சட்டமா என்று முன்பே பாருங்கள். சட்டத்தின் பின்பக்கக் கீழ் மூலைகளில் 1 செ.மீ. தடிமனான கார்க் துண்டு ஒட்டுங்கள். பின்னால் காற்று ஓடினால் பூஞ்சை எளிதில் பிடிக்காது.