ப்ரொலிஃபிகஸி: பாராட்டும் சொல் அல்ல, எண்ணும் சொல்

எழுதிக் குவிப்பவரையும் வரைந்து தள்ளுபவரையும் ஆங்கிலத்தில் 'ப்ரொலிஃபிக்' என்பார்கள். இந்தப் பெயரடை பலருக்கும் பழக்கம்தான். அந்தக் குணத்துக்கே ஒரு பெயர்ச்சொல் தேவைப்படும்போதுதான் கை தயங்கும். அதற்கான சொல் 'ப்ரொலிஃபிகஸி'.

எழுதுவது எளிது. 'ப்ரொலிஃபிக்' என்று எழுதி, கடைசியில் ஏ, சி, ஒய் என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்தால் போதும். எல், எஃப் இரண்டும் ஒற்றையாகத்தான் வரும். இரட்டித்துவிடுவதே வழக்கமான எழுத்துப்பிழை. உச்சரிக்கும்போது அழுத்தம் இரண்டாம் அசையான 'லி'யில் விழ வேண்டும்: ப்ர-லி-ஃபி-க-ஸி. முதல் அசையை அழுத்தினால் கேட்பவருக்குச் சட்டென்று பிடிபடாது. 'ப்ரொலிஃபிக்னெஸ்', 'ப்ரொலிஃபிஸிட்டி' ஆகியவையும் பெரிய அகராதிகளில் உண்டு, தவறில்லை. ஆனால் ஒரே கட்டுரையில் மூன்றையும் கலக்காதீர்கள்.

சொல்லின் வேரைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிழைகள் தானே விலகும். லத்தீனில் 'ப்ரோலெஸ்' என்றால் பிள்ளைகள், சந்ததி. எனவே ப்ரொலிஃபிக் என்பது முதலில் பிள்ளைகளைப் பெற்றுப் பெருக்குவதைக் குறித்தது. ஆட்டுப் பண்ணை ஆய்வுகளில் ப்ரொலிஃபிகஸி இன்றும் ஓர் ஈற்றுக்கு எத்தனை குட்டி என்ற கணக்குதான். படைப்பாளிக்கு இச்சொல் வந்தது உவமையாக. இசையமைப்பாளர் பாக் இரு பொருளிலும் தேறுவார்: பிள்ளைகள் 20, இசைப்படைப்புகள் 1,000-க்கும் மேல்.

வேரிலிருந்தே முதல் விதி கிடைக்கிறது. பெறுபவர்தான் ப்ரொலிஃபிக், பெற்ற பிள்ளை அல்ல. 'ப்ரொலிஃபிக் நாவல்' என்பது பிழை, நாவலாசிரியரே ப்ரொலிஃபிக். ஒருவரது வாழ்க்கையில் ஒரு காலகட்டத்தை அப்படிச் சொல்லலாம்; 'ப்ரொலிஃபிக் டெகேட்' சரியான வழக்கு. 'ஹி இஸ் அ ப்ரொலிஃபிக்' என்று நிறுத்துவது இலக்கணப் பிழை. முன்னால் 'அ' போட்டால், பெயரடைக்குப் பின் 'ரைட்டர்', 'பெயின்டர்' என ஏதாவது வர வேண்டும்.

அடுத்ததில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். இச்சொல் தரத்தைச் சொல்வதில்லை. ஜேன் ஆஸ்டின் எழுதி முடித்த நாவல்கள் 6 மட்டுமே. அவர் மகத்தான எழுத்தாளர், ப்ரொலிஃபிக் அல்ல. 31 வயதில் இறந்த இசையமைப்பாளர் ஷூபர்ட் 600-க்கும் மேற்பட்ட பாடல்களை விட்டுச் சென்றார். அவருக்குச் சொல் பொருந்தும். கோல்களைக் குவிக்கும் ஆட்டக்காரரும் ப்ரொலிஃபிக்தான், திரும்பத் திரும்பத் திருடுபவனும் ப்ரொலிஃபிக்தான்! 'ப்ரொலிஃபிக் ஸ்பீக்கர்' என்றால் அடிக்கடி மேடையேறுபவர். நாவன்மை உள்ளவர் என்று பொருளில்லை.

ஒலியால் குழப்பும் சொற்கள் இரண்டு. தேர்ச்சி பெற்றவர் 'ப்ரொஃபிஷியன்ட்'. 'ஐ ஆம் ப்ரொலிஃபிக் இன் ஜாவா' என்று சுயவிவரத்தில் எழுதினால் திறமை வெளிப்படாது, குழப்பமே மிஞ்சும். இன்னொன்று 'ப்ரொலிஃபரேஷன்'. அது பரவல்: அணு ஆயுதப் பரவல், செல்களின் பெருக்கம். ஒருவரின் படைப்பு வேகத்துக்கு அதைப் போட்டால் நோய் பரவுவது போல ஒலிக்கும்.

வாக்கியத்தில் வைக்கும்போது யாருடையது என்பதை முன்னும் எந்தத் துறை என்பதைப் பின்னும் வையுங்கள்: 'ஹெர் ப்ரொலிஃபிகஸி அஸ் அ போயட்'. பக்கத்திலேயே ஓர் எண்ணோ கால அளவோ கொடுங்கள். 'பத்தாண்டில் 14 தொகுப்புகள்' என்ற அளவுக்கு. எண் இல்லாவிட்டால் வெறும் ஆடம்பரச் சொல்லாக நிற்கும். அதோடு 'கிரேட்', 'ஹை' போன்ற அடைகள் வேண்டாம். மிகுதி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பேச்சிலும் மின்னஞ்சலிலும் பெயர்ச்சொல்லைத் தவிர்த்து, 'ஷி இஸ் ப்ரொலிஃபிக்' என்றோ 'ஷி ரைட்ஸ் அ லாட்' என்றோ சொல்வதே இயல்பு. குணத்தையே எழுவாயாக்கிப் பேச வேண்டிய விமர்சனக் கட்டுரையில்தான் ப்ரொலிஃபிகஸிக்கு வேலை: 'ஹிஸ் ப்ரொலிஃபிகஸி ஹர்ட் ஹிஸ் ரெப்யுட்டேஷன்' என்பது போல. அங்கேயும் ஒருமுறை போதும்.