மூன்று அணிகள், நான்கு ஆட்டங்கள்: சிறிய மகளிர் கிரிக்கெட் தொடர் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று அணிகளை வைத்து ஒரு தொடர் நடத்த நினைப்பவர்கள், இந்தியக் கிரிக்கெட் வாரியம் நடத்திய மகளிர் டி20 சேலஞ்ச் தொடரின் புள்ளிப்பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். சூப்பர்நோவாஸ், டிரெயில்பிளேசர்ஸ், வெலாசிட்டி ஆகிய மூன்று அணிகளும் 2019, 2020, 2022 ஆகிய ஆண்டுகளில் மோதின. மூன்று ஆண்டுகளிலும் ஒவ்வோர் அணிக்கும் ஒரு வெற்றி, ஒரு தோல்வி. யார் இறுதிப் போட்டிக்குப் போவது என்பதை மூன்று முறையும் நிகர ரன் ரேட்தான் (ஓர் ஓவருக்கு எடுத்த சராசரி ரன்னிலிருந்து, கொடுத்த சராசரி ரன்னைக் கழித்தால் வரும் எண்) முடிவு செய்தது.

இதை வெறும் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. மூன்று அணிகள் ஒருவரோடொருவர் ஒரே ஒரு முறை மோதினால் மூன்று ஆட்டங்கள். முடிவுகள் எட்டு விதமாக அமையலாம். அவற்றில் இரண்டில் மூன்று அணிகளும் சமமாக நிற்கும். சமபலமுள்ள அணிகள் என்றால் நான்கில் ஒரு வாய்ப்பு. ஆகவே முதல் தவறு, அட்டவணையிலேயே நடக்கிறது. நாள் கிடைத்தால் இரண்டு சுற்றுகளாக ஆடவிடுங்கள். ஆறு ஆட்டங்களும் ஓர் இறுதிப் போட்டியும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். 2023இல் மகளிர் பிரீமியர் லீக் தொடங்கியபோது ஐந்து அணிகளும் ஒன்றையொன்று இரண்டு முறை எதிர்கொண்டன. ஒரு மோசமான நாளை ஈடுகட்ட அங்கே ஆட்டங்கள் மிச்சம் இருந்தன.

ஒரு சுற்றுதான் முடியும் என்றால், ரன் ரேட் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை முதல் பந்துக்கு முன்பே எல்லா வீராங்கனைகளுக்கும் சொல்லிவிட வேண்டும். பலர் தவறவிடுவது ஒரு விதியைத்தான்: 20 ஓவர் ஆட்டத்தில் ஓர் அணி பத்து விக்கெட்டையும் இழந்துவிட்டால், அது எத்தனை ஓவர் ஆடியிருந்தாலும் 20 ஓவர் ஆடியதாகவே கணக்கு. 2020இல் ஷார்ஜாவில் வெலாசிட்டி 47 ரன்னுக்குச் சுருண்டது. அந்த 47ஐ 20 ஆல் வகுத்தார்கள். எதிரணியான டிரெயில்பிளேசர்ஸோ 7.5 ஓவரில் 49 ரன் எடுத்து முடித்துவிட்டது, அதை 7.5 ஓவரால் வகுத்தார்கள். (ஸ்கோர் பலகையில் 7.5 என்றால் ஏழு ஓவரும் ஐந்து பந்தும். கணக்கில் அது 7.833. இதில் தவறிய ஸ்கோரர்களும் உண்டு.) முதல் ஆட்டத்தில் வென்றிருந்தும் வெலாசிட்டியின் நிகர ரன் ரேட் மைனஸ் 1.869 ஆனது. அந்த அணி வெளியேறியது.

அந்தச் சரிவுக்குப் பின்னால் இன்னொன்றும் இருக்கிறது. டிரெயில்பிளேசர்ஸின் சோஃபி எக்லெஸ்டோன் 9 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தது அபாரமான பந்துவீச்சு, அதில் ஐயமில்லை. ஆனால் வெலாசிட்டி நவம்பர் 4 இரவு ஓர் ஆட்டத்தை முடித்துவிட்டு, 5ஆம் தேதி பிற்பகலிலேயே மறுபடி களமிறங்கியது. எதிரே நின்றது ஓய்வோடு வந்த அணி. தோல்விக்கு இதுவே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆயினும் இப்படி ஓர் அட்டவணையை எந்த அணிக்கும் போடக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. மூன்று அணித் தொடரில் யாராவது அடுத்தடுத்து ஆட நேர்ந்தால், இடையில் ஒரு முழு நாள் விடுங்கள்.

அடுத்தது, வெற்றி இலக்கை மட்டும் அறிவித்துவிட்டு, தகுதி இலக்கை மறைவாக விடுவது. 2019இல் ஜெய்ப்பூரில் சூப்பர்நோவாஸ் 142 ரன் எடுத்தது. வெலாசிட்டி வெல்ல 143 தேவை. ரன் ரேட் கணக்கில் இறுதிப் போட்டிக்குப் போக 117 போதும். அது 130 எடுத்துத் தோற்றும் தகுதி பெற்றது. 2022இல் புனேயில் டிரெயில்பிளேசர்ஸ் 190 ரன் குவித்து, வெலாசிட்டியை 16 ரன்னில் வென்றும் வெளியேறியது. வெலாசிட்டிக்குத் தேவைப்பட்ட எண் 159தான். அன்று கிரண் நவ்கிரே 34 பந்தில் 69 ரன் விளாசினார். பலகையில் ஓர் இலக்கைப் பார்க்கும் ரசிகருக்கு, மட்டையாளர் வேறோர் எண்ணைத் துரத்துவது எப்படித் தெரியும்? இரண்டையும் எழுதிப் போடுங்கள். பந்துவீசும் அணியின் தலைவிக்கும் அந்த எண் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை ரன்னுக்குள் கட்டுப்படுத்த வேண்டும் என்று தெரியாமல் கடைசி ஐந்து ஓவருக்கு ஃபீல்டிங் அமைக்க முடியாது.

ஆண்கள் ஆட்டத்துக்கு வாங்கிய பந்துப் பெட்டியை அப்படியே எடுத்து வருவதும் நடக்கிறது. மகளிர் பந்தின் எடை 140 முதல் 151 கிராம்; ஆண்கள் பந்து 156 கிராம் அளவில்தான் தொடங்கும். சுழற்பந்து வீசுபவர் பந்தை வாங்கிய கணமே விரல்களில் அதை உணர்வார். தையலைச் சுற்றிப் பிடிக்க முயல்வார், விரல் எட்டாது, பந்து கட்டுப்பாடின்றிப் போய் விழும். எல்லைக்கோடும் அப்படியே: சர்வதேச மகளிர் ஆட்டங்களில் 60 முதல் 70 கெஜம், ஃபீல்டிங் கட்டுப்பாட்டுக்கான உள்வட்டத்தின் ஆரம் 23 மீட்டர். ஆண்களுக்குப் போட்ட வட்டத்தைத் திருத்தாமல் விட்டால் ஃபீல்டிங் வியூகமே மாறிவிடும். பிட்ச் மட்டும் இருவருக்கும் ஒரே 22 கெஜம்.

மழைக்கு ரிசர்வ் நாள், சமனில் முடிந்தால் சூப்பர் ஓவர் ஆகிய இரண்டையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

எனக்கு மிகவும் உறுத்துவது கடைசித் தவறு. ஆட்டங்கள் குறைவு என்பதால் பெயர் பெற்றவர்களையே திரும்பத் திரும்ப இறக்குவார்கள். சிலர் ஒரு பந்துகூட ஆடாமல் ஊர் திரும்புவார்கள். வாய்ப்புக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2020 இறுதிப் போட்டியில் தாய்லாந்தின் நத்தகன் சாந்தம் டிரெயில்பிளேசர்ஸ் அணியில் ஆடினார். எல்லையை நோக்கி ஓடும் பந்தைத் துரத்திப் பாய்ந்து, கோட்டைத் தொடாமல் உள்ளே தள்ளிவிட்டார். அவர் அணி 118 ரன்னை வைத்துக்கொண்டு 16 ரன் வித்தியாசத்தில் கோப்பையை வென்றது. உங்கள் தொடரில் 15 பேர் பட்டியலில் இருந்தால், லீக் சுற்று முடிவதற்குள் அந்த 15 பேரும் ஒருமுறையாவது களம் காண வேண்டும் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள்.