சென்னைக்குக் குடிவந்த பெண்களுக்கு: மார்பக எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன்

கொழும்பிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வந்து, வாடகை வீடும் கேஸ் இணைப்பும் பிள்ளைகளின் பள்ளியும் என்று அலைந்துகொண்டிருப்பீர்கள். அதற்கிடையில் ஒரு தாள் எடுத்து, குடும்பத்தில் யார் யாருக்கு மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ எந்த வயதில் வந்தது என்று எழுதுங்கள். டொரண்டோவில் சித்தி, ஊரிலேயே கண்மூடிய அம்மம்மா என்று நம் குடும்பங்கள் சிதறிக் கிடக்கின்றன. முழு விவரம் ஒருவரிடமும் இருப்பதில்லை. அப்பா வழியிலும் விசாரியுங்கள். இந்தப் புற்றுநோய்களின் அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு அவர் வழியாகவும் வரும்.

காந்தத்தின் உதவியால் உடலுக்குள் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவையா என்று மருத்துவர் யோசிக்கத் தொடங்குவது அந்தத் தாளிலிருந்துதான். எல்லோருக்கும் அது வேண்டியதில்லை. அந்த மரபணுக் கோளாறு உள்ளவர்கள், இளவயதில் மார்பில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள், மார்பகப் புற்றுநோய்க்கான வாழ்நாள் அபாயம் 20 சதவீதத்தைத் தாண்டுபவர்கள் ஆகியோருக்கே பொதுவாக ஆண்டுதோறும் மேமோகிராமுடன் (மார்பக எக்ஸ்ரே) சேர்த்துப் பரிந்துரைக்கிறார்கள். மேமோகிராமை விட்டுவிடாதீர்கள், நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகள் அதில்தான் தெளிவாகத் தெரியும். அடர்த்தியான மார்பகத்தில் அதற்குத் தப்பும் சிறு கட்டியை எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுக்கும். கட்டியைச் சுற்றிப் புது ரத்தக்குழாய்கள் முளைத்திருப்பதால், ரத்தக்குழாயில் ஏற்றும் கடோலினியம் மருந்து அங்கே விரைந்து சேர்ந்து பளிச்சிடும். மார்பைத் தடவும்போது கட்டி தட்டுப்பட்டால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

மாதவிலக்கு தொடங்கிய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் தேதி கேளுங்கள். மற்ற நாட்களில் நல்ல திசுவும் ஒளிர்ந்து வீண் கலக்கம் தரலாம். மார்பகத்துக்கான தனிக் ‘காயில்’ (coil, படத்துக்கான சிக்னலைப் பிடிக்கும் கருவி) இருக்கிறதா என்று முதலிலேயே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். என் அண்ணியை ஒரு ஸ்கேன் சென்டரில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, அது இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை முடிவையும் கேட்பார்கள்; கர்ப்பமாக இருந்தாலோ பேஸ்மேக்கர் இருந்தாலோ முன்பே சொல்லிவிடுங்கள்.

உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாது. அண்ணி தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டார். இருபது வருட மூக்குத்திதான் சோப்புத் தண்ணீர் தடவிய பிறகே கழன்றது. குப்புறப் படுக்கவைத்து, மார்பகங்கள் இரண்டும் காயிலின் இரு குழிகளுக்குள் தொங்கும்படி அமைப்பார்கள். ஏறத்தாழ அரை மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். இயந்திரம் டமடமவென்று தட்டும்; காதுக்கு அடைப்பான் தருவார்கள்.

படத்தில் ஏதோ தெரிகிறது என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பல தடவை பயாப்ஸியில் (சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பது) சாதாரணமானதாகவே முடியும். சிகிச்சை தேவைப்பட்டால், முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இந்த ஊரிலேயே இருக்கிறது.

அறிக்கையோடு சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் படங்கள் வேண்டும்.