உப்புக்காற்றுக்கு ஈடுகொடுக்கும் அழகு: கடலோர வீட்டுக்கு மேசையும் தட்டும் வாங்குவது எப்படி?

கீழக்கரையில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடும் சேர்ந்தே பேசப்படும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே கட்டிலிலிருந்து கரண்டி வரை பெண்ணைப் பெற்றவர்கள்தான் பார்த்து வாங்கி வைக்க வேண்டும். நான் இரண்டு மகள்களுக்கு அப்படி வீடு நிறைத்திருக்கிறேன். இப்போது என் தங்கை அவள் மகளுக்கு வாங்கத் தொடங்கியிருக்கிறாள். “லாத்தா, எதை எடுக்க, எதை விட?” என்று தினமும் கேட்கிறாள். அவளுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூத்தவள் வீட்டு வரவேற்பறைக்கு ஒரு கண்ணாடி மேசை வாங்கினோம். பொன்னிறக் கால்கள், பார்த்தவர் எல்லாம் தொட்டுப் பார்த்தார்கள். பித்தளை என்று சொல்லித்தான் விற்றார்கள். சித்திரையில் கொண்டுவந்து வைத்தோம். ஆவணிக்குள், கால் தரையைத் தொடும் இடத்தில் ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. துடைத்தால் போகவில்லை. அடுத்த மாதம் அந்த இடத்தில் முலாம் அப்பளம்போலக் கொப்பளித்தது. நகத்தால் நெம்பினேன், சருகாக உரிந்து வந்தது. உள்ளே இரும்பு.

அன்றிலிருந்து என் கைப்பையில் ஒரு சிறு காந்தம் இருக்கிறது. பித்தளை, வெண்கலம், செம்பு எதுவும் காந்தத்தை இழுக்காது. இழுத்தால் உள்ளே இரும்பு என்று பொருள். ஆனால் எவர்சில்வர் விஷயத்தில் காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். எவர்சில்வரிலேயே 200 வரிசை என்று ஒரு வகை உண்டு, அதிலும் காந்தம் அநேகமாக ஒட்டாது. அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்திருப்பார்கள். மதுரையில் பல வருடம் பளபளக்கும் அந்த எஃகு நம் கடற்காற்றில் சீக்கிரம் கறை பிடிக்கும். கடையில் 304 என்று கேளுங்கள். ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்தது அது. கரண்டி, முள்கரண்டியின் முதுகில் 18/8 அல்லது 18/10 என்று பொறித்திருந்தால் அந்த இரண்டு அளவையும்தான் குறிக்கிறது. பால்கனியிலும் மொட்டை மாடியிலும் போடும் நாற்காலிகளுக்கு 316 வேண்டும். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். விலை கூடத்தான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்திலேயே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் போட்டிருக்கிறார்கள். ரயில்வேக்குத் தெரிந்த கடல்தானே நம் வாசலிலும் இருக்கிறது.

கடைக்குப் போகும் முன் இன்னொன்றைப் பாருங்கள்: உங்கள் வீட்டுக்குள் எந்தக் காற்று நுழைகிறது? கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் மன்னார் வளைகுடாவைப் பார்த்த வீடுகளில் வைகாசி முதல் ஆவணி வரை சோழகம் என்னும் தென்காற்று உப்பை வாரிக்கொண்டு வரும். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பாக் விரிகுடாவைப் பார்த்த வீடுகளுக்கு ஐப்பசிக்குப் பிறகு வாடை. காற்று நேராக அடிக்கும் அறையில் மரம், கல், பீங்கான், பருத்தி மட்டும் வையுங்கள். உலோகமும் கண்ணாடி அலமாரியும் உள்ளறைக்குப் போகட்டும். இளையவள் வீட்டில் இந்த ஒரு மாற்றத்தால் துடைக்கும் வேலை பாதியாகிவிட்டது.

மரத்தில் தேக்குக்கு மேல் நான் எதையும் சொல்ல மாட்டேன். அதன் உள்ளே இருக்கும் இயற்கை எண்ணெய் ஈரத்தையும் பூச்சியையும் தடுக்கிறது. வைரம் பாய்ந்த பகுதியாக இருக்க வேண்டும். வெளுத்த ஓரப்பகுதியைச் சாயம் பூசி மறைத்திருப்பார்கள், அதனால் மேசையைக் கவிழ்த்து அடிப்புறத்தைப் பாருங்கள். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம், தரை துடைக்கும் ஈரத்திலேயே அடி உப்பிவிடும். பிளைவுட் அவசியமென்றால் பலகையில் ஈரத்தைத் தாங்கும் மரைன் வகைக்கான ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய பர்மா தேக்குச் சாமான் வேண்டுமானால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்து, உளுத்த துளை இருக்கிறதா, தட்டினால் மாவு கொட்டுகிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

சாப்பாட்டு மேசைக்கு அளவு முக்கியம். உயரம் 75 செ.மீ., நாற்காலி இருக்கை 45 செ.மீ., ஒருவருக்கு மேசையில் 60 செ.மீ. அகலம். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்கச் சுவர் வரை 90 செ.மீ. விட்டுவிடுங்கள். திரைச்சீலைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம்: வீட்டிலேயே துவைக்க முடிகிற பருத்தி அல்லது லினன் போதும்.

தட்டுகளைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இந்த ஊருக்கும் கொழும்புக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. வாப்பா கொழும்பிலிருந்து வரும்போதெல்லாம் வைக்கோல் அடைத்த பெட்டியில் பீங்கான் கோப்பைகள் வரும். இன்றும் இலங்கையின் மாத்தளையில் நோரிட்டாக்கே பீங்கான் செய்கிறார்கள். அங்கே போகிறவர்கள் இருந்தால் சொல்லிவிடலாம். போன் சைனா என்பது எலும்புச் சாம்பல் கலந்த மண். மெல்லியது, ஆனால் பார்ப்பதைவிட உறுதியானது. அது வேண்டாம் என்று நினைப்பவர்கள் வெள்ளைப் போர்சலின் எடுக்கலாம்.

கடையில் நான் செய்வது இதுதான். தட்டைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்னால் விரல்களை வைப்பேன். போன் சைனா என்றால் விரல்களின் நிழல் பால்நிறத்தில் தெரியும். பிறகு விரல் நுனியில் தட்டை நிறுத்தி, விளிம்பை நகத்தால் சுண்டுவேன். மணிபோல ஒலித்து, ஒலி சற்று நின்று அடங்க வேண்டும். சொத்தென்று நின்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. கடைசியாகத் தட்டின் அடி வளையத்தை விரலால் ஒரு சுற்று தடவுவேன். அங்கே சொரசொரப்பு இருந்தால், அடுக்கும்போது கீழ்த்தட்டின் முகத்தைக் கீறும். கீறிய இடத்தில் மீன் குழம்பின் மஞ்சள் ஏறினால் பிறகு போகாது.

தங்க விளிம்பு விருந்துக்கு அழகுதான். ஆனால் அதை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது, பொறி பறக்கும். அன்றாடத்துக்கு வெறும் வெள்ளை, ஓரம் சற்று உயர்ந்த தட்டு எடுங்கள். நம் சாப்பாட்டில் சாறு அதிகம், தட்டையான மேல்நாட்டுத் தட்டில் ஆணம், அதாவது குழம்பு, ஓடிவிடும். சோறு படும் இடத்தில் பூ வரைந்த மலிவான தட்டுகளை வாங்கவே வேண்டாம். வண்ணத்தில் காரீயம் கலந்திருந்தால் புளி அதைக் கரைத்து வயிற்றுக்குள் கொண்டுபோகும்.

கண்ணாடிக் குவளைகளுக்கு நம் ஆழ்குழாய் நீர்தான் எதிரி. உவர்நீர் காய்ந்ததும் வெள்ளைப் படலம் நிற்கும். கழுவிய பின் கடைசியாக ஒரு முறை காவிரித் தண்ணீரில் அலசி, உடனே பருத்தித் துணியால் துடையுங்கள். ஏற்கெனவே படிந்திருந்தால் வினிகர் கலந்த நீரில் அரை மணி நேரம் ஊறட்டும்.

மேசை வாங்கியாயிற்று என்று சுப்ராவை, அதாவது சாப்பாட்டுக்குத் தரையில் விரிக்கும் விரிப்பை, மறந்துவிடாதீர்கள். நோன்பிலும் கல்யாணத்திலும் நாம் தரையில் விரித்து, பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டான ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். அந்த நேரத்தில் வீட்டிலேயே கம்பீரமான பாத்திரம் அதுதான். ரொட்டிக்கும் பழத்துக்கும் நம் ஊர்ப் பெண்கள் பின்னும் வண்ணப் பனையோலைக் கொட்டான்களை வையுங்கள். போன் சைனாவுக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பும் பச்சையும் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எந்தச் செட் எடுத்தாலும் மூன்று தட்டு, மூன்று கோப்பை கூடுதலாக வாங்குங்கள். பின்புறத்தில் உள்ள வடிவத்தின் பெயரையும் எண்ணையும் குறித்து வையுங்கள். சில வருடத்தில் அந்த வடிவம் நின்றுவிடும்.

தங்கை பன்னிரண்டு பேருக்கான வெள்ளைச் செட்டை எடுத்துவிட்டாள். சஹன் மட்டும் வாங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். உம்மாவின் செம்புச் சஹன் என்னிடம் இருக்கிறது, நான்கு பேர் தாராளமாக உட்காரலாம். உட்புறம் தேய்ந்து செம்பு தெரியத் தொடங்கியிருந்ததால் வெள்ளீயம் பூசக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார்கள்.