தண்ணி ராக்கெட் எவ்ளோ உயரம் போகும்? விடுறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல பாத்துடலாம் வாங்க

பிளாஸ்டிக் பாட்டில்ல கொஞ்சம் தண்ணி ஊத்தி, பம்ப்பால காத்த அடைச்சு மேல விடுறதுதான் தண்ணி ராக்கெட். நம்ம சிங்கப்பூர்ல அத விடணும்னா முதல் பிரச்சன இடம்தான். ஒரு பக்கம் வீவக அடுக்குமாடி புளோக், இன்னொரு பக்கம் எம்ஆர்டி ரயில் பாதை, நடுவுல ஒரு சின்ன திடல். காத்த அடிச்சு விட்டுப் பாத்துக்கலாம்னு இங்க இறங்க முடியாது, ராக்கெட் யாரு வீட்டு ஜன்னல்ல போய் விழும்னு தெரியாம விடவே கூடாது. அதனாலதான் உயர்நிலைப் பள்ளி பிள்ளைங்க யாரு கேட்டாலும் நான் பம்ப்ப கையில எடுக்குறதுக்கு முன்னாடி சிமுலேட்டர, அதாவது ராக்கெட் எப்படிப் பறக்கும்னு கணக்கு போட்டுக் காட்டுற மென்பொருள, தொறங்கன்னு சொல்றேன். காசு செலவில்ல, வீட்ல ஒரு லேப்டாப் இருந்தா போதும்.

சிமுலேட்டர் உள்ள என்ன பண்ணுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் சுலபம். பாட்டில் உள்ள அழுத்தத்துல இருக்கிற காத்து தண்ணிய கீழ தள்ளுது, அந்தத் தள்ளுதல்ல ராக்கெட் மேல போகுது. தண்ணி வெளிய போகப் போக காத்துக்கு இடம் கூடுது, அழுத்தம் கொறையுது, ராக்கெட் எடையும் கொறையுது. தண்ணி தீந்ததும் மிச்ச காத்து புஸ்ஸுனு வெளிய வந்து இன்னும் கொஞ்சம் வேகம் குடுக்கும். அப்புறம் எஞ்சின் இல்லாத வெறும் பாட்டில்தான், புவியீர்ப்பும் காத்துத் தடையும் சேந்து அத நிறுத்துற வரைக்கும் மேல போகும். இத நொடிய ஆயிரத்துல ஒரு பங்கா வெட்டி வெட்டி கணக்கு போடுறதுதான் சிமுலேட்டர். ஏன் அவ்ளோ சின்னதா வெட்டணும்னா, 1.5 லிட்டர் பாட்டில்ல 4 பார் (பார்ங்கறது அழுத்தத்தோட அலகு) அழுத்தத்துல அரை லிட்டர் தண்ணி முழுசா வெளிய வர 0.06 நொடி மாதிரிதான் ஆகும்! கண் சிமிட்டுற நேரம்கூட இல்ல. கூகுள் ஷீட்ஸ்ல நீங்களே கணக்கு எழுதப் போறீங்கன்னா இத மறந்துடாதீங்க, ஒரு வரிசைக்கு 0.01 நொடின்னு வச்சீங்கன்னா ஆறே வரிசைல தண்ணி தீந்துடும், விடை தப்பா வரும்.

எந்த சிமுலேட்டர்?

ஆரம்பத்துக்கு நாசாவோட க்ளென் ஆராய்ச்சி மையம் இலவசமா குடுக்குற ராக்கெட்மாடலர் போதும், அதுல தண்ணி ராக்கெட்டுன்னு தனியாவே ஒரு வகை இருக்கு. தண்ணி ராக்கெட்டுக்குன்னே பிரியப்பட்டவங்க எழுதி வச்ச வேற பக்கங்களும் நெறைய இருக்கு. எதுல போட்டாலும் கேக்குற விவரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

முதல்ல அளந்துக்கோங்க

இந்த வேலைய அவசரப்படாம பண்ணுங்க, ஏன்னா நீங்க குடுக்குற எண் சரியா இருந்தாதான் வர்ற விடையும் சரியா இருக்கும். கேஸ் உள்ள பானம் வந்த பாட்டில் மட்டும்தான் எடுக்கணும், 100பிளஸ் 1.5 லிட்டர் பாட்டில் நல்லா இருக்கும். மினரல் வாட்டர் பாட்டில் ரொம்ப மெல்லிசு, அழுத்தம் தாங்காது, அது வேண்டவே வேண்டாம்.

காலி பாட்டில, இறக்கை மூக்கு எல்லாம் ஒட்டின பிறகு, சமையலறை தராசுல வைங்க. அதுதான் காலி எடை. அடுத்து கழுத்து விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தி திரும்ப எடை போடுங்க. கூடின ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லிலிட்டர், ஆக பாட்டிலோட உண்மையான கொள்ளளவு கிடைச்சுடும். லேபிள்ல 1.5 லிட்டர்னு போட்டிருந்தாலும் விளிம்பு வரைக்கும் ஊத்தினா கூடத்தான் பிடிக்கும். பாட்டிலோட அகலமான இடத்துல ஒரு நூல சுத்தி, அந்த நீளத்த 3.14 ஆல வகுத்தா விட்டம் வந்துடும், சுமார் 9 சென்டிமீட்டர் இருக்கும்.

கடைசியா வாய் விட்டம். சாதாரண பாட்டில் வாய் உள்பக்கம் சுமார் 22 மில்லிமீட்டர். தோட்டத்து ஹோஸ்ல மாட்டுற கனெக்டர வச்சு ஏவுற வகைன்னா 9 மில்லிமீட்டர் மாதிரி இருக்கும். இந்த ரெண்டுக்கும் பரப்பளவு ஆறு மடங்கு வித்தியாசம்! 4 பார்ல பெரிய வாய் ஆரம்பத்துல 300 நியூட்டன் தள்ளும், சின்ன வாய் 50 நியூட்டன்தான். அதனால வெர்னியர்ங்கற நுட்பமான அளவுகோல் வச்சு அளங்க, குத்துமதிப்பா போடாதீங்க.

எண்ணெல்லாம் போடும்போது

பம்ப்ல இருக்கிற மீட்டர் காட்டுறது வெளிக்காத்துக்கு மேல எவ்ளோ அழுத்தம்ங்கறதத்தான். சில சிமுலேட்டர் வெளிக்காத்தையும் சேத்து மொத்த அழுத்தத்த கேக்கும், அப்போ 4 பாரோட 1 கூட்டி 5னு போடணும். பம்ப் பிஎஸ்ஐல காட்டினா 14.5 ஆல வகுங்க, 58 பிஎஸ்ஐ தான் 4 பார். புதுசா செய்றவங்க 4 பாருக்கு மேல போகவே வேண்டாம். வாய்க்கு விட்டம் கேக்குதா ஆரம் கேக்குதான்னும் ஒரு தடவ பாத்துக்கோங்க.

காத்தோட அடர்த்தி (ஒரு கன மீட்டருக்கு எத்தன கிலோன்னு) பெரும்பாலும் 1.225னு ஏற்கனவே போட்டிருக்கும், அது 15 டிகிரி குளிர் காத்துக்கு. நம்ம ஊர் 30 டிகிரி வெயிலுக்கு 1.16 போடுங்க. உயரம் ஒண்ணு ரெண்டு மீட்டர் கூடும், பெருசா ஒண்ணுமில்ல, ஆனா சரியா இருக்கட்டுமே.

அடுத்து காத்துத் தடை குணகம், அதாவது ராக்கெட்டோட வடிவத்தால காத்து அத எவ்ளோ தடுக்குதுன்னு சொல்ற எண். இதுதான் யாராலயும் வீட்ல நேரடியா அளக்க முடியாத எண். இப்போதைக்கு 0.4னு போட்டு ஓட்டுங்க, பின்னாடி இத சரிபண்ணப் போறோம்.

இப்போ ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க

என்னைக் கேட்டா சிமுலேட்டரோட உண்மையான பலன் இங்கதான் இருக்கு. ஒரு எண்ண மட்டும் மாத்துங்க, மத்தத அப்படியே விடுங்க, ஒரு நோட்டுல எழுதிக்கிட்டே வாங்க. 1.5 லிட்டர் பாட்டில், 22 மில்லிமீட்டர் வாய், 4 பார், காலி எடை 120 கிராம், குணகம் 0.4, இதுக்கு நான் கணக்கு போட்டா அரை லிட்டர் தண்ணில சுமார் 47 மீட்டர் வருது. காத்துத் தடையே இல்லன்னு வச்சா அதே ராக்கெட் 90 மீட்டர் போகும், அதாவது காத்து பாதி உயரத்த பிடுங்கிடுது!

தண்ணிய 700 மில்லியா கூட்டினா 43 மீட்டர்கிட்ட வருது, 300 மில்லியா கொறைச்சாலும் பெருசா மாறல. வரைபடம் போட்டுப் பாத்தா அதோட உச்சி கூர்மையா இல்ல, தட்டையா இருக்கும். அதனால 480ஆ 500ஆன்னு சண்டை போட வேண்டாம், பாட்டில்ல மூணுல ஒரு பங்கு ஊத்துங்க, போதும். ஒரு லிட்டர் ஊத்தினாதான் நல்லா அடி வாங்கும், ஏன்னா தள்ளுறதுக்கு காத்தே மிச்சம் இருக்காது.

எடைய மாத்தும்போது வர்றதுதான் பிள்ளைங்களுக்கு ரொம்ப ஆச்சரியமா இருக்கும். 120 கிராம 80 ஆக்கினா ரெண்டு மூணு மீட்டர்தான் கூடுது. லேசான ராக்கெட் வேகமா கிளம்பும், ஆனா காத்து அத சீக்கிரம் நிறுத்திடும். அதே 200 கிராம் ஆக்கினா 39 மீட்டருக்கு இறங்கிடும். ஆக நாற்பது கிராம் களிமண்ண மூக்குல வைக்கிறதுக்கு பயப்படாதீங்க, ராக்கெட் நேரா பறக்க அது வேணும்.

குணகத்த 0.3 போட்டா 53 மீட்டர், 0.8 போட்டா 34. கோணலா ஒட்டின இறக்கை, மடிஞ்ச டேப், நசுங்கின மூக்கு இதெல்லாம்தான் அந்த எண்ண ஏத்துறது. பிள்ளைங்க அழுத்தத்த ஏத்தத்தான் ஆசைப்படுவாங்க, இறக்கை ஓரத்த உப்புத்தாள் வச்சு தேச்சு வழவழப்பாக்குறது அதவிட பாதுகாப்பான வழி.

நேரா பறக்குமா?

மேல சொன்ன கணக்கு எல்லாம் ராக்கெட் நேரா போகுதுன்னு நம்பிப் போட்டது. அது குட்டிக்கரணம் போடுமான்னு பாக்க ஓப்பன்ராக்கெட்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அது வெடிமருந்து மாதிரி எரிபொருள் எரியுற எஞ்சின் ராக்கெட்டுக்கு செஞ்சது, தண்ணியோட தள்ளுவிசைக்கு அத நம்பாதீங்க, ஆனா உங்க வடிவத்த வரைஞ்சா எடை மையமும் காத்தழுத்த மையமும் (பக்கவாட்டுல காத்து தள்ளுற விசை மொத்தமா செயல்படுற இடம்) எங்க இருக்குன்னு காட்டும். எடை மையம் காத்தழுத்த மையத்த விட மூக்குப் பக்கமா குறைஞ்சது ஒரு பாட்டில் விட்டம், அதாவது 9 சென்டிமீட்டர் முன்னாடி இருக்கணும். எடை மையத்த காலி ராக்கெட்ட ஒரு நூல்ல தொங்கவிட்டு நேர்ல சரிபாத்துக்கலாம்.

எங்க விழும்?

சாய்வு போடுற வசதி உள்ள சிமுலேட்டர்ல 90 டிகிரி மட்டும் பாக்காம 80, 70, 45னு போட்டுப் பாருங்க. ஏவுதளம் வழுக்கி சாஞ்சுட்டா எவ்ளோ தூரம் போகும்ங்கறது அப்போதான் தெரியும், திடல் அத தாங்கலன்னா அழுத்தத்த கொறைங்க இல்லன்னா வேற இடம் பாருங்க. இன்னொண்ணு, சாங்கி, செலத்தார், பாயா லேபார், தெங்கா, செம்பவாங்னு நம்ம தீவுல எங்க நின்னாலும் ஏதோ ஒரு விமானத்தளம் பக்கத்துலதான் இருக்கும். ட்ரோனுக்கே விமானத்தளத்துலேந்து 5 கிலோமீட்டர் சுத்துவட்டாரத்துக்குள்ளயும், 200 அடி, அதாவது சுமார் 60 மீட்டருக்கு மேலயும் விட அனுமதி வேணும். ராக்கெட்டுக்கு என்ன விதின்னு சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துகிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க, பூங்கான்னா தேசியப் பூங்காக் கழகத்துகிட்டயும் கேக்கணும். சிமுலேட்டர் குடுத்த உயரத்தையும் தூரத்தையும் தாள்ல எடுத்துட்டுப் போனா பேசுறதுக்கு சுலபமா இருக்கும். பள்ளித் திடல்னா ஆசிரியர் மூலமா போங்க.

விட்டுட்டு, சிமுலேட்டர சரிபண்ணுங்க

முதல் தடவ 3 பார்ல விடுங்க. கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, நீளமான கயிற வச்சு தூரத்துலேந்து இழுத்து விடுங்க, இடி இடிச்சா எல்லாத்தையும் மூட்ட கட்டிட்டு உள்ள போயிடுங்க. ஏவுற இடத்துலேந்து 40 மீட்டர் தள்ளி ஒரு ஆள், ஒரு பாகைமானில நூலும் சின்ன பாரமும் கட்டி, ராக்கெட் உச்சிக்குப் போறப்ப கோணத்த பாக்கணும். 40ஐ அந்தக் கோணத்தோட டேன் மதிப்பால பெருக்கி, கண் உயரத்த கூட்டினா உயரம். எதிர்ப்பக்கம் இன்னொரு ஆள் நின்னு ரெண்டு விடைக்கும் சராசரி எடுத்தா காத்துல சாயுற பிழை கொறையும். இன்னொருத்தர் ஃபோன்ல வீடியோ எடுத்து, கிளம்புனதுலேந்து விழுற வரைக்கும் எத்தன நொடின்னு பாக்கட்டும். மேல சொன்ன 47 மீட்டர் ராக்கெட் பாராசூட் இல்லாம விழுந்தா சுமார் 6 நொடி.

இப்போ வீட்டுக்கு வந்து சிமுலேட்டர்ல 3 பார் போட்டு, காத்துத் தடை குணகத்த மட்டும் 0.4லேந்து மெதுவா ஏத்தியோ இறக்கியோ நீங்க அளந்த உயரம் வர்ற வரைக்கும் மாத்துங்க. நேரமும் சேந்து பொருந்திச்சுன்னா அந்த எண்தான் உங்க ராக்கெட்டோட குணகம். உயரம் பொருந்தி நேரம் பொருந்தலன்னா எடை, வாய் விட்டம், அழுத்தம் இந்த மூணுல ஒண்ண திரும்ப அளங்க. எல்லாம் சரியா வந்தப்புறம் அதே குணகத்தோட 4 பாருக்கு கணிப்பு எடுத்து, நோட்டுல எழுதி தேதி போட்டு வச்சுட்டு, அடுத்த தடவ திடலுக்குப் போங்க.