டாக்டருக்குப் பொறுமை: பழகும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் வேலைக்குச் சேரும் இளம் டாக்டர்களிடம் வருபவர்களில் பலர் தனியாக இருக்கும் முதியவர்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். இவர்களைப் பார்க்க முதலில் வேண்டியது பொறுமை. அதைப் பிறவிக் குணம் என்று விட்டுவிட வேண்டாம், பழகினால் வரும்.

"என்ன செய்யுது ஆச்சி?" என்று கேட்டதும் பேனாவைக் கீழே வையுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். பிறகு "வேற ஏதும் உண்டா?" என்று கேளுங்கள். தலைசுற்றல் என்று வந்தவர், முற்றத்தில் விழுந்ததை அப்போதுதான் சொல்வார். உடனே ரத்த அழுத்தம் பாருங்கள்: 5 நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நின்ற 1-ஆம், 3-ஆம் நிமிடங்களில் மறுபடி. மேல் அளவு 20 குறைந்தால் விழுந்த காரணம் அதுவாக இருக்கலாம்.

அடுத்து மாத்திரைப் பை. எல்லாவற்றையும் மேசையில் கொட்டச் சொல்லுங்கள். அட்டையில் கம்பெனி வைத்த பெயரை நம்பாமல், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். இரண்டு டாக்டர்கள் எழுதிய ஒரே அம்லோடிபின் (ரத்த அழுத்த மாத்திரை) இரண்டு பெயரில் கிடக்கும். இரண்டையும் போட்டால் கால் வீங்கும், அழுத்தம் இறங்கும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக்கைத் தனியாகக் கேளுங்கள். அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். கேட்காமல் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு அது வெறும் 'வலி மாத்திரை'.

தைப்பூசத்துக்குப் பழநி பாதயாத்திரை போகும் சர்க்கரை நோயாளியைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த வருடம் சொல்லாமலே போவார். செருப்பு, காலுறையைக் கழற்றி, விரல் இடுக்குகளைப் பாருங்கள். 10 கிராம் மோனோஃபிலமென்ட் (பாதத்தில் அழுத்திப் பார்க்கும் நைலான் இழை) வைத்து உணர்ச்சி சோதியுங்கள். உணர்ச்சி இல்லாதவர் வெறுங்காலில் நடக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை போடுபவர் சாப்பிடாமல் நடந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போகலாம். மடியில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: நடுக்கம், வியர்வை வந்தால் 15 கிராம், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை.

எழுதிக் கொடுத்ததும் "எப்போ எப்போ போடுவீங்க, சொல்லுங்க ஆச்சி" என்று கேளுங்கள். தலையாட்டுவதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மகன் வெளிநாட்டிலிருந்து போனில் விவரம் கேட்டால், ஆச்சியின் சம்மதம் வாங்கிய பிறகே பேசுங்கள்.